டிராக் டிவிஷனை மாற்றினால் ஸ்விங் இடம் மாறுகிறது: க்ரூவ் எதை வைத்து எண்ணுகிறது?

சாமக்கிளாக் எழுதியது:

வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

எட்டு டிராக் உள்ள ஒரு ஹார்டுவேர் சீக்வென்சரை (எந்த அடி எப்போது விழ வேண்டும் என்று ஸ்டெப் ஸ்டெப்பாக எழுதி ஓட்டும் பெட்டி) வைத்துத்தான் எல்லாவற்றையும் ஓட்டுகிறேன், கணினி கிடையாது. கிக், ஸ்னேர், ஹை-ஹாட் முதல் மூன்று டிராக்கில். நாலாவது டிராக்கிலிருந்து மிடி (இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் கேபிள் மொழி) வழியாக ஒரு மோனோ சின்த்துக்கு பேஸ் போகிறது. ஐந்தாவதில் ஷேக்கர். அனலாக் கிளாக் அவுட்டை, அதாவது வேகத்தைச் சொல்லும் மின் பல்ஸ் வெளியே வரும் இணைப்பை, இரண்டாகப் பிரித்து ஒன்றை ஒரு சின்ன டிரம் பெட்டிக்கும் இன்னொன்றை டிலே பெடலுக்கும் கொடுத்திருக்கிறேன். டெம்போ 100, க்ரூவ் பக்கத்தில் ஸ்விங் (ஒன்றுவிட்டு ஒரு ஸ்டெப்பைக் கொஞ்சம் பிந்தவைத்து வரும் ஆட்டம்) 60%.

எல்லா டிராக்கும் ஒரே வேகத்தில் 16 ஸ்டெப்பாக இருந்தவரை அருமையாகத்தான் இருந்தது. பேஸ் லைன் இரண்டு பார் நீளம் வேண்டுமே என்று அந்த டிராக்கின் டிவிஷனை மட்டும் ÷2, அதாவது பாதி வேகம், ஆக்கினேன். நீளம் சரியாக வந்தது, ஆனால் பீட்டுக்கு நடுவில் விழ வேண்டிய நோட்டுகள் எல்லாம் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் பிந்தி வருகின்றன. கிக்கோடும் ஒட்டவில்லை, ஹாட்டோடும் ஒட்டவில்லை. ஷேக்கர் டிராக்கின் நீளத்தை 7 ஸ்டெப் ஆக்கினேன், அது ஒரு சுற்று நன்றாக ஆடுகிறது, அடுத்த சுற்று தலைகீழாக ஆடுகிறது.

கிளாக் அவுட்டில் வேறு கதை. "ஸ்டெப்புக்கு ஒரு பல்ஸ்" என்று வைத்தால் டிரம் பெட்டி இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது, டிலேயில் எதிரொலியின் சுருதி மேலும் கீழும் ஆடுகிறது. "இரண்டு ஸ்டெப்புக்கு ஒரு பல்ஸ்" என்று வைத்தால் வேகம் சரி, ஆனால் டிரம் பெட்டியில் ஸ்விங் துளிகூட இல்லை. கையேட்டில் "ஸ்விங் இரட்டைப்படை ஸ்டெப்புகளைத் தாமதப்படுத்தும்" என்று ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான். டிவிஷனுக்கும் க்ரூவுக்கும் என்ன உறவு?

---

மெல்லநடை எழுதியது:

அந்த ஒரு வரியிலேயே உங்கள் பதில் இருக்கிறது நண்பரே, அதைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். பீட்டைப் பற்றியோ நேரத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை, ஸ்டெப் என்றுதான் இருக்கிறது. ஸ்விங்குக்குத் தெரிந்தது ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்ற எண்ணிக்கை மட்டுமே. இரண்டாவதாக வருவதை அது பின்னால் தள்ளும். அந்த ஸ்டெப் எவ்வளவு நீளம், பாட்டில் எந்த இடம் என்பதெல்லாம் அதன் கணக்கில் இல்லை.

உங்கள் எண்ணிலேயே போட்டுப் பார்ப்போம். டெம்போ 100 என்றால் ஒரு பீட் 600 மில்லி செகண்ட், அரை பீட் 300, கால் பீட் 150. சாதாரண வேகத்தில் ஒரு ஸ்டெப் என்பது கால் பீட், அதாவது சிக்ஸ்டீன்த் நோட். 60% ஸ்விங் என்றால் இரண்டு ஸ்டெப் சேர்ந்த 300 மில்லி செகண்டில் 60% கழிந்தபின் இரண்டாவது ஸ்டெப் வரும். அது 180. நேராக இருந்தால் 150-இல் வந்திருக்கும். ஆக 30 மில்லி செகண்ட் தாமதம், உங்கள் ஹை-ஹாட்டுக்கு நடப்பது இதுதான்.

பேஸை ÷2 ஆக்கியதும் அந்த டிராக்கில் ஒரு ஸ்டெப் அரை பீட் ஆகிவிட்டது. ஜோடி ஸ்டெப் சேர்ந்து 600. அதில் 60% என்றால் 360. நேராக 300-இல் விழ வேண்டியது 60 மில்லி செகண்ட் பிந்தி வருகிறது. இப்போது ஹாட் எங்கெங்கே விழுகிறது என்று பாருங்கள்: 0, 180, 300, 480. பேஸ் 360-இல். பக்கத்தில் யாருமே இல்லை! இழுப்பதுபோல் கேட்காமல் வேறு எப்படிக் கேட்கும்?

நீங்கள் விரும்பிய ஆட்டம் கால் பீட் அளவில் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் பீட்டும் அரை பீட்டும் அசைவதே இல்லை, அவற்றுக்கு நடுவில் இருக்கும் கால் பீட்டுகள்தான் தள்ளிப்போகின்றன. அரை பீட் அளவில் மட்டும் நடக்கும் ÷2 டிராக்குக்கு எனவே ஸ்விங்கே தேவையில்லை. உங்கள் மெஷினில் டிராக் வாரியாக க்ரூவ் வைக்க முடியுமென்றால் பேஸ் டிராக்கை மட்டும் 50% ஆக்குங்கள், 300-இல் ஹாட்டோடு சேர்ந்து விழும். டிராக் வாரியாக வைக்க முடியாத மெஷின் என்றால் டிவிஷனை விட்டுவிட்டு 32 ஸ்டெப் பேட்டர்னாக எழுதி, ஒற்றைப்படை ஸ்டெப்புகளில் மட்டும் நோட்டை வைத்தால் அதே பலன்.

÷2 டிராக்கில் நடுநடுவே ஒரு கால் பீட் நோட்டும் வேண்டும் என்றால் கொஞ்சம் வேலை இருக்கிறது. அது 180-இல் விழ வேண்டும், ஆனால் அங்கே ஸ்டெப் கிடையாது. 300-இல் இருக்கும் ஸ்டெப்பை மைக்ரோ டைமிங்கில் (ஒரு ஸ்டெப்பை மட்டும் தனியாக முன்பின் நகர்த்தும் வசதி) 120 மில்லி செகண்ட் முன்னால் இழுங்கள், அதாவது ஸ்டெப் நீளத்தில் 40% முன்னால். முதல் ஸ்டெப்பை 60% பின்னால் தள்ளினாலும் அதே இடம்தான், ஆனால் நிறைய மெஷின்கள் பாதி ஸ்டெப்புக்கு மேல் நகர்த்த விடாது, அதனால் முன்னால் இழுப்பதே நல்லது. கவனம், அந்த ஸ்டெப்பை இதற்குப் பயன்படுத்திவிட்டால் 300-இல் நோட் வைக்க இடமில்லை. இரண்டும் வேண்டும் என்றால் 32 ஸ்டெப்தான் வழி.

ஷேக்கருக்கும் இதே எண்ணிக்கைதான் காரணம். 7 ஒற்றைப்படை. முதல் சுற்றில் 2, 4, 6 தள்ளிப்போகின்றன, சரி. இரண்டாவது சுற்று தொடங்குவது பாட்டின் 8-வது கால் பீட்டில், ஆனால் டிராக் அதை மறுபடி "ஒன்று" என்று எண்ணுகிறது. தள்ளிப்போக வேண்டிய 8 நேராக விழுகிறது, நேராக விழ வேண்டிய 9, அதாவது மூன்றாவது பீட்டின் தலை, அது போய்த் தள்ளுகிறது. மூன்றாவது சுற்றில் மறுபடி சரியாகும். சில சீக்வென்சர்கள் டிராக்கின் எண்ணை விட்டுவிட்டுப் பொதுக் கிளாக்கின் எண்ணைப் பார்த்து ஸ்விங் போடும், அவற்றில் இந்தத் தொல்லையே வராது. உங்களுடையது அந்த வகை இல்லை என்று தெரிகிறது.

தீர்வு சுலபம். நீளத்தை 14 ஆக்கி அந்த 7 ஸ்டெப்பையே இரண்டு முறை எழுதுங்கள். காதுக்கு 7-இன் சுழற்சி அப்படியே இருக்கும், எண்ணிக்கை மட்டும் இரட்டைப்படையில் முடியும், அதனால் ஆட்டம் புரளாது. 5-ஐ 10 ஆக்கலாம், 9-ஐ 18 ஆக்கலாம்.

கிளாக் அவுட் விஷயத்தை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும்.

---

கேபிள்காடு எழுதியது:

கிளாக் அவுட்டுக்கு நான் வருகிறேன்.

முதலில் வேகம். மிடி கிளாக் எந்த மெஷினிலும் பீட்டுக்கு 24 பல்ஸ்தான், 1983-இல் வந்த மிடியிலிருந்து அதுதான் வழக்கம். ஆனால் அனலாக் கிளாக்குக்கு அப்படி ஒரே விதி இல்லை. கோர்க் வோல்கா வரிசையும் டீனேஜ் எஞ்சினியரிங் பாக்கெட் ஆபரேட்டர்களும் பீட்டுக்கு 2 பல்ஸ் எதிர்பார்க்கின்றன. மாடுலர் சின்த் பக்கம் பீட்டுக்கு 4, அதாவது கால் பீட்டுக்கு ஒன்று, மிகச் சாதாரணம். ரோலண்டின் பழைய டின் சிங்க் (மிடிக்கு முந்தைய கிளாக் கேபிள் முறை) 24, கோர்க்கின் பழைய டின் சிங்க் 48. ஸ்டெப்புக்கு ஒரு பல்ஸ் என்று நீங்கள் அனுப்பியது பீட்டுக்கு 4. உங்கள் டிரம் பெட்டி பீட்டுக்கு 2 என்று நினைத்து வாங்கிக்கொள்கிறது. இரண்டு மடங்கு ஓடாமல் என்ன செய்யும்? இரண்டு ஸ்டெப்புக்கு ஒன்று என்பதுதான் அந்தப் பெட்டிக்குச் சரியான அமைப்பு, அதிலேயே விடுங்கள்.

இப்போது ஸ்விங். உங்கள் சீக்வென்சர் கிளாக் பல்ஸையும் க்ரூவோடு சேர்த்தே அனுப்புகிறது, டிலே ஆடுவதே அதற்குச் சாட்சி. ஸ்டெப்புக்கு ஒரு பல்ஸ் போகும்போது இடைவெளி 180, 120, 180, 120 என்று போகிறது. பல்ஸுக்கு ஒரு ஸ்டெப் நகரும் கருவிக்கு இது வரம்தான், ஸ்விங் அப்படியே போய்ச் சேரும். டிலேயோ ஒவ்வொரு இடைவெளியையும் அளந்து தன் நேரத்தை மாற்றிக்கொள்ள முயல்கிறது. டிலே நேரம் கூடிக் குறையும்போது சுருதியும் கூடவே நகரும். நீங்கள் கேட்கும் அலைச்சல் அதுதான், பெடலில் பழுது எதுவும் இல்லை.

இரண்டு ஸ்டெப்புக்கு ஒன்று என்று வைத்தால் பல்ஸ் விழுவது 1, 3, 5, 7-வது ஸ்டெப்புகளில். அவை எதுவும் ஸ்விங்கில் அசைவதில்லை. 300, 300, 300 என்று நேராகப் போகிறது. மெல்லநடை பேஸுக்குச் சொன்ன அதே விஷயம் கிளாக்கிலும் நடக்கிறது: வகுத்துவிட்டால் ஆட்டம் வடிகட்டப்பட்டுவிடும், மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. டிரம் பெட்டி அந்த நேரான பல்ஸுக்கு நடுவில் தானே ஒரு ஸ்டெப்பைச் சரிபாதியில் வைத்துக்கொள்கிறது.

ஆகவே ஸ்விங்கை டிரம் பெட்டியிலேயே தனியாக வைக்க வேண்டும். இங்கேதான் எண்கள் குழப்பும். சில மெஷின்கள் 50-ஐ நேர் என்று வைத்து 75 வரை போகும், சில 0-வை நேர் என்று வைக்கும். ஸ்டெப்பின் நீளத்தில் எத்தனை சதவீதம் தாமதம் என்று காட்டும் மெஷினாக இருந்தால் கணக்கு எளிது: உங்கள் 60-இலிருந்து 50-ஐக் கழித்து இரண்டால் பெருக்குங்கள், 20 வரும். 150-இல் 20% என்றால் 30 மில்லி செகண்ட், சரியாக இருக்கிறதா? வேறு ஏதாவது அளவுகோல் என்றால் எண்ணை நம்ப வேண்டாம், காதை நம்புங்கள். சீக்வென்சரிலிருந்து ஒரு கூர்மையான ஹாட், பெட்டியிலிருந்து ஒரு ரிம்ஷாட், இரண்டையும் எல்லா ஸ்டெப்பிலும் வைத்து டெம்போவை 50-க்கு இறக்குங்கள். டெம்போ பாதியானால் பிசகு மில்லி செகண்டில் இரண்டு மடங்காகும், "டட்" என்று இரண்டாகக் கேட்பது தெளிவாகத் தெரியும். அது ஒரே அடியாக ஒட்டும் வரை பெட்டியின் ஸ்விங்கைத் திருப்பிவிட்டு மறுபடி 100-க்கு ஏற்றுங்கள்.

இரண்டும் என்ன செய்தாலும் முழுசாக ஒட்டவில்லை என்றால் பெட்டியின் உள்ளே இருக்கும் நுணுக்கம் போதவில்லை என்று அர்த்தம். பீட்டுக்கு 24 பகுதிதான் உள்ளே இருக்கிறது என்றால் 100 டெம்போவில் ஒரு பகுதி 25 மில்லி செகண்ட். தாமதம் 25 ஆகலாம், 50 ஆகலாம், 30 ஆக வழியே இல்லை. 25 என்பது சுமார் 58%, 50 என்பது சுமார் 67%. அப்போது சீக்வென்சரை 58-க்கு இறக்குவதுதான் நல்லது, இரண்டும் ஒன்றாக நடப்பதுதான் முக்கியம். 1988-இல் வந்த எம்பிசி 60 என்ற டிரம் மெஷின் பீட்டை 96 ஆகப் பிரித்தது, அதனால் ஸ்விங்கைச் சுமார் இரண்டு இரண்டு சதவீதமாக நகர்த்த முடிந்தது. அந்த மெஷினின் ஆட்டத்தைப் பலர் இன்றும் தேடிப் போவதற்கு இந்த நுணுக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

---

பழையடிரம் எழுதியது:

மேலே இருவரும் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ÷2 டிராக்கில் ஸ்விங்கே கூடாது என்பதை நான் ஏற்க மாட்டேன். 60 தான் அங்கே அதிகம். பேஸை ÷2-இல் வைத்து 52, 53 என்று கொடுத்துப் பாருங்கள். 53 என்றால் 600-இல் 318, அதாவது 18 மில்லி செகண்ட் பின்னால். ஹாட்டுக்கு அடுத்தபடியாகச் சோம்பலாக வந்து உட்காரும், மெதுவான பாட்டுக்கு அது ஒரு தனி சுகம். ஹாட் 300-இல் கூர்மையாக விழுந்து, பேஸ் அதன் தோளில் சாய்வதுபோல் இருக்கும். பேஸின் அட்டாக்கை, அதாவது ஒலி எழும் வேகத்தை, கொஞ்சம் மெதுவாக்கினால் இரண்டாகப் பிரிந்தும் கேட்காது.

இன்னொன்று, யாரும் வெலாசிட்டியை, அதாவது அடியின் அழுத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. தள்ளிப்போகும் ஸ்டெப்புகளைக் கொஞ்சம் மென்மையாக அடியுங்கள். 60% தேவை என்று தோன்றிய இடத்தில் 56 போதும் என்று ஆகிவிடும். நேரத்தை மட்டும் தள்ளி எல்லா அடியையும் ஒரே அழுத்தத்தில் வைத்தால் அது ஆட்டமாகக் கேட்காது, நொண்டுவதாகக் கேட்கும்.

---

சாமக்கிளாக் எழுதியது:

மிக்க நன்றி, எல்லாருக்கும். நேற்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்தேன். பேஸ் 50%-இல் பட்டென்று உட்கார்ந்துவிட்டது. ஷேக்கரை 14 ஆக்கியதும் புரள்வது நின்றது, அதுதான் எனக்கு மிகப் பெரிய நிம்மதி, ஏனென்றால் மெஷின் கெட்டுவிட்டதோ என்றே பயந்தேன். டிலேயும் நேராகிவிட்டது. டிரம் பெட்டியைக் காதை வைத்தே சரிசெய்தேன், 60-இல் ஒட்டவே இல்லை, சீக்வென்சரை 58 ஆக்கியதும் ஒட்டியது, கேபிள்காடு சொன்னது அப்படியே நடந்தது.

இன்னும் இரண்டு கேள்வி. ஆறாவது டிராக்கில் இன்னொரு ஹாட்டை ×2 வேகத்தில் வைத்துச் சின்ன உருட்டல்கள் போடுகிறேன். அதில் ஸ்விங் வைத்தாலும் வைக்காவிட்டாலும் முதல் ஹாட்டோடு மோதுகிறது. திஸ்ரத்தில், அதாவது டிரிப்லெட் டிவிஷனில் வைத்தாலும் சில பீட்டில் சரி, சில பீட்டில் பிசகு. இரண்டாவது, நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால் டிரம் பெட்டி சில நேரம் அரை பீட் தள்ளித் தொடங்குகிறது.

---

மெல்லநடை எழுதியது:

×2 கொஞ்சம் சிக்கலானது, பேஸுக்கு நேர் எதிர். அங்கே ஒரு ஸ்டெப் அரைக்கால் பீட், 75 மில்லி செகண்ட். ஸ்விங் அரைக்கால் பீட்டுகளைத்தான் தள்ளும், உங்களுக்குத் தள்ள வேண்டியதோ கால் பீட், அது இந்த டிராக்கில் 3-வது ஸ்டெப். ஒற்றைப்படை, ஸ்விங் அதைத் தொடாது. எனவே எந்த எண் வைத்தாலும் மோதத்தான் செய்யும்.

அந்த டிராக்கை 50-இல் வைத்து மைக்ரோ டைமிங்கால் கையாலேயே நகர்த்துங்கள். புரிவதற்காகப் பழைய 60%-ஐ வைத்தே சொல்கிறேன். நாலு நாலு ஸ்டெப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்: முதலாவது அசையாது, மூன்றாவது 30 மில்லி செகண்ட் பின்னால், அதாவது ஸ்டெப்பில் 40%, அப்போது அது முதல் ஹாட்டின் 180-இல் விழும். இரண்டாவதும் நாலாவதும் இடைவெளியின் நடுவில் விழ 15 மில்லி செகண்ட், அதாவது 20%. நீங்கள் இப்போது 58-இல் இருப்பதால் 40-க்குப் பதில் 32, 20-க்குப் பதில் 16. உங்கள் மெஷினில் க்ரூவ் டெம்ப்ளேட் என்று ஒன்று இருந்து அதை நாலு ஸ்டெப் நீளத்தில் நீங்களே எழுத முடிந்தால் இதை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு எல்லா ×2 டிராக்குக்கும் போடலாம். இல்லையென்றால் ×2-ஐ விட்டுவிட்டு சாதாரண வேகத்தில் ரேட்செட் (ஒரே ஸ்டெப்புக்குள் அடியைப் பலமுறை உருட்டுவது) போடுவதையும் யோசியுங்கள், பல மெஷின்களில் ரேட்செட் அந்தத் தள்ளிய ஸ்டெப்பிலிருந்தே தொடங்கும். ஆனால் உருட்டலின் உள் இடைவெளி நேராகவே இருக்கும், அது பிடிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

திஸ்ரத்தில் ஏன் பிசகுகிறது என்பதை வாயால் சொல்லிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பீட்டுக்கு மூன்று ஸ்டெப்: த-கி-ட, த-கி-ட. ஸ்விங் இரண்டிரண்டாக எண்ணுகிறது. முதல் பீட்டில் "கி" தள்ளும், அடுத்த பீட்டில் "த"வும் "ட"வும் தள்ளும். பீட்டின் தலையே நகர்ந்துவிட்டால் எதுவும் உருப்படாது. டிரிப்லெட் டிவிஷன் எந்த டிராக்கில் இருந்தாலும் அங்கே 50%, யோசிக்கவே வேண்டாம். அந்தத் திஸ்ரம் மற்ற ஹாட்டுகளோடு இழைய வேண்டும் என்றால் பாட்டின் ஸ்விங்கை 66, 67 பக்கம் ஏற்ற வேண்டும். 300-இல் மூன்றில் இரண்டு 200, அரை பீட்டை மூன்றாகப் பிரித்தால் மூன்றாவது அடி விழும் இடமும் அதுவே. ஆனால் 67 என்பது நன்றாகக் குதித்து நடக்கும் ஆட்டம், உங்கள் 58-க்கும் அதற்கும் குணமே வேறு. அந்த ஒரு உருட்டலுக்காகப் பாட்டின் நடையையே மாற்ற வேண்டுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நானாக இருந்தால் மாற்ற மாட்டேன்.

---

கேபிள்காடு எழுதியது:

அரை பீட் தள்ளித் தொடங்குவதற்குக் காரணம், அனலாக் கிளாக்கில் பல்ஸைத் தவிர வேறு தகவலே கிடையாது. மிடியில் ஸ்டார்ட், ஸ்டாப், கன்டினியூ என்று தனித்தனி செய்திகள் உண்டு. ஸ்டார்ட் வந்தால் எல்லாரும் முதலுக்குப் போவார்கள், கன்டினியூ வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். உங்கள் டிரம் பெட்டிக்கு வருவதோ வெறும் பல்ஸ். நீங்கள் நிறுத்தும்போது அது எந்த ஸ்டெப்பில் நின்றதோ அங்கிருந்தே அடுத்த பல்ஸுக்கு நகரும். சீக்வென்சர் முதலுக்குத் திரும்பிவிட்டது, பெட்டி திரும்பவில்லை. உங்களுக்கு ஒரு பல்ஸ் என்பது அரை பீட், அதனால் ஒரு பல்ஸ் பிசகினால் சரியாக அரை பீட் பிசகும்.

பெட்டியில் ரீசெட் உள்ளீடு இருந்தால் சீக்வென்சரின் ரீசெட் அவுட்டை அங்கே செருகுங்கள், தீர்ந்தது. இல்லையென்றால் நிறுத்தியபின் பெட்டியையும் கையால் நிறுத்தி மறுபடி ப்ளே அழுத்தி வைத்துவிட்டு, அப்புறம் சீக்வென்சரை ஓட்டுங்கள். நடுவில் நிறுத்துவதைவிட பாரின் முடிவில் நிறுத்துவது நல்லது. அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும்போது கிளாக் அவுட்டின் டிவிஷனை மாற்றாதீர்கள். சில மெஷின்கள் பார் முடியும் வரை காத்திருந்து மாற்றும், சில அந்தக் கணமே மாற்றும். அந்தக் கணமே மாற்றினால் வகுப்பதன் எண்ணிக்கை பாதியில் தொடங்கி, பல்ஸ் 1, 3, 5-க்குப் பதில் 2, 4, 6-இல் விழத் தொடங்கலாம். அப்படி ஆனால் பெட்டி கால் பீட் தள்ளி ஓடும், போதாததற்கு அந்த ஸ்டெப்புகள்தான் ஸ்விங்கில் தள்ளிப்போகிறவை என்பதால் அந்தத் தாமதமும் கூடவே வந்து சேரும். நின்றபின் மாற்றுங்கள்.

---

சாமக்கிளாக் எழுதியது:

என் பெட்டியில் ரீசெட் இல்லை, ஆனால் மிடி இன் இருக்கிறது என்பதை இப்போதுதான் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மிடியில் கொடுத்ததும் ஸ்டார்ட் சரியாக எடுத்துக்கொள்கிறது, பத்து முறை நிறுத்தி ஓட்டினேன், பத்தும் சரி. ஸ்விங்கைப் பெட்டியிலேயே அதே அளவில் வைத்திருக்கிறேன். அனலாக் கிளாக் இப்போது டிலேக்கு மட்டும் போகிறது.

×2 ஹாட்டை மெல்லநடை சொன்ன 32, 16 கணக்கில் நகர்த்தி முடித்தேன், மோதல் போய்விட்டது. பழையடிரம் சொன்னபடி பேஸை 53-இலும் போட்டுக் கேட்டேன், இந்தப் பாட்டுக்கு 50தான் பொருந்துகிறது, ஆனால் அடுத்து 80 டெம்போவில் ஒன்று தொடங்கியிருக்கிறேன், அதில் 53-ஐ விட மனம் வரவில்லை.